உறுப்பு மாற்று செய்துகொண்டவருக்கு அக்கி வந்தால் ஏன் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும்?

சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை வருடமான ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். கிரியாட்டினின் சீராக இருக்கிறது. பழையபடி வேலைக்குப் போகிறார். காலை எட்டு மணி, இரவு எட்டு மணி மாத்திரை தவறுவதில்லை. ஒரு வியாழக்கிழமை வலது விலாவில் எரிச்சல் தொடங்குகிறது. சட்டை உரசினாலே தாங்க முடியவில்லை. "பைக் பள்ளத்துல இறங்கினப்ப பிடிச்சிக்கிச்சு போல" என்று தைலம் தேய்த்துக்கொள்கிறார். சனிக்கிழமை காலை குளிக்கும்போது பார்த்தால், அதே இடத்தில் சிவந்த திட்டு. அதன் மேல் கொத்தாக நீர்க்கொப்புளங்கள்.

பக்கத்து வீட்டு அத்தை பார்த்தவுடனே சொல்லிவிடுகிறார்: "அட, இது அக்கிப்பா. போய் எழுதிட்டு வந்துடு, மூணு நாள்ல அடங்கிடும்."

அத்தை கண்டுபிடித்தது சரி. பெரும்பாலான நேரங்களில் அக்கியைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுவிடலாம். சிக்கல் அதற்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது. எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ள ஒருவருக்கு அக்கி இரண்டு முதல் நான்கு வாரங்களில் தானாகவே காய்ந்து உதிர்ந்துவிடும். எழுதினாலும் உதிரும், எழுதாவிட்டாலும் உதிரும். அதனால்தான் எழுதியவருக்கு நல்ல பெயர். ஆனால் உறுப்பு மாற்று செய்துகொண்டவரின் உடம்பில் அந்தத் 'தானாகவே' என்பது உறுதியில்லை. காத்திருக்கும் நாட்களில் வைரஸ் நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ மூளைக்கோ போய்விடலாம்.

உடம்புக்குள்ளேயே தூங்கும் வைரஸ்

அக்கி வெளியிலிருந்து புதிதாகத் தொற்றுவதில்லை. சின்ன வயதில் சின்னம்மை வந்தபோது உள்ளே நுழைந்த அதே வேரிசெல்லா ஸோஸ்டர் வைரஸ்தான் காரணம். அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நினைத்தாலும் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளிலும் முகத்துக்கான நரம்பு முடிச்சுகளிலும் போய்ப் படுத்துக்கொள்கிறது. சிலருக்கு வாழ்நாள் முழுக்க எழுவதே இல்லை. எதிர்ப்பு சக்தி தளரும்போது ஏதாவது ஒரு முடிச்சில் விழித்து, அந்த நரம்பு வழியாகவே தோலுக்கு இறங்கி வருகிறது. உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டை போல, நடுக்கோட்டைத் தாண்டாமல் கொப்புளம் வருவது இதனால்தான். கொப்புளத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே வலி வருவதற்கும் காரணம் இதுவே: வைரஸ் நரம்பில் பயணிக்கும் வலி அது.

இரண்டும் ஒரே கிருமி என்பதும், உள்ளே ஒளிந்திருந்துதான் மறுபடி கிளம்புகிறது என்பதும் ஒரு நாளில் தெரிந்தவை அல்ல. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் குடும்ப மருத்துவராக இருந்த எட்கர் ஹோப் சிம்சன், தன்னிடம் வந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்து, 1965-ல் இந்த விளக்கத்தை முன்வைத்தார். பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாமல், நோட்டுப் புத்தகமும் பொறுமையுமாகச் செய்த வேலை.

இந்த வைரஸைத் தூங்கவைத்துக் காவல் இருப்பது ரத்தத்தில் உள்ள டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். வயதாக ஆக அந்தக் காவல் தளர்கிறது. 50 வயதுக்கு மேல் அக்கி அதிகம் வருவது அதனால்தான்.

மாற்று உறுப்புக்கும் அக்கிக்கும் என்ன தொடர்பு?

டி செல்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்நியமான எதையும் தாக்குவது. வேறொருவரின் சிறுநீரகமும் அவற்றுக்கு அந்நியம்தான். அவை அதைத் தாக்கி அழித்துவிடாமல் இருக்கத்தான் டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், பிரெட்னிசோலோன் போன்ற மாத்திரைகளை வாழ்நாள் முழுக்கச் சாப்பிடச் சொல்கிறார்கள். காவல்காரரின் கையைக் கட்டிவைக்கிறோம், உறுப்பு பிழைக்கிறது. கட்டிய கையோடு அவர் வைரஸையும் பார்த்துக்கொள்ள முடியாது.

எவ்வளவு பேருக்கு வருகிறது? கனடாவின் எட்மன்டனில் 1994 முதல் 1999 வரை உறுப்பு மாற்று செய்துகொண்ட 869 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004-ல் வெளியானது. அவர்களில் 8.6 சதவீதம் பேருக்கு அக்கி வந்திருந்தது. கல்லீரல் பெற்றவர்களில் 5.7, சிறுநீரகம் பெற்றவர்களில் 7.4, நுரையீரல் பெற்றவர்களில் 15.1, இதயம் பெற்றவர்களில் 16.8 சதவீதம். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் எதிர்ப்பு சக்தியை இன்னும் அழுத்தமாகக் குறைக்க வேண்டியிருப்பதோடு இந்த வேறுபாட்டைச் சேர்த்துப் பார்க்கலாம். அக்கி வந்தவர்களில் பாதிப் பேருக்கு அது முதல் ஒன்பது மாதங்களுக்குள்ளேயே வந்துவிட்டது. அதே ஆய்வில் கவலைப்பட வேண்டிய எண் வேறொன்று: அக்கி வந்தவர்களில் 42.7 சதவீதம் பேருக்குக் கொப்புளம் ஆறிய பிறகும் நரம்பு வலி நீடித்தது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மாற்று முடிந்த முதல் மூன்று அல்லது ஆறு மாதங்களுக்கு, சைட்டோமெகலோ என்ற வேறொரு வைரஸைத் தடுக்க வால்கான்சைக்ளோவிர் மாத்திரை கொடுப்பார்கள். அது அக்கி வைரஸையும் சேர்த்து அடக்கி வைக்கிறது. "மாத்திரை ஒண்ணு குறைஞ்சுது" என்று வீட்டில் நிம்மதிப்படும் அந்த நாளிலிருந்து இந்தப் பாதுகாப்பும் போய்விடுகிறது. அக்கி பற்றி நோயாளிக்கு ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சரியான நேரம் அதுதான். ஆனால் கூட்டம் நிறைந்த புறநோயாளிப் பிரிவில் அது விடுபட்டுப் போவதுண்டு.

கொப்புளத்தோடு நிற்காதபோது

சாதாரண அக்கி ஒரு நரம்பின் பகுதியோடு நின்றுவிடும். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்குப் பக்கத்து நரம்புகளுக்கும் பரவலாம்; பிறகு ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்க வரலாம். முதலில் வந்த பகுதிக்கும் அதை ஒட்டிய பகுதிக்கும் வெளியே இருபதுக்கு மேல் கொப்புளங்கள் இருந்தால் அதைப் பரவிய அக்கி என்பார்கள். பார்ப்பதற்குச் சின்னம்மை திரும்பி வந்தது போலவே இருக்கும்.

வெளியே தெரிவது கொப்புளம். உள்ளே நுரையீரல் அழற்சி, கல்லீரல் அழற்சி, மூளைக்காய்ச்சல் வரலாம். வைரஸ் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரைத் தாக்கினால் பக்கவாதம் வரும்; அதுவும் கொப்புளம் ஆறி வாரங்களோ மாதங்களோ கழித்து வரக்கூடும். அப்போது பழைய அக்கியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இவற்றில் டாக்டர்களையே ஏமாற்றுவது வயிற்றில் தொடங்கும் வகை. தோலில் ஒன்றுமே இருக்காது. தாங்க முடியாத வயிற்று வலி மட்டும் இருக்கும். கணையமா, பித்தப்பையா, குடலடைப்பா என்று ஸ்கேன் எடுத்துக்கொண்டிருக்கும்போதே வைரஸ் கல்லீரலில் வேலையைத் தொடங்கியிருக்கும். நாலைந்து நாள் கழித்துத்தான் முதல் கொப்புளம் தெரியும். சிலருக்குத் தெரியாமலே போகலாம். ரத்தத்தில் செய்யும் பிசிஆர் பரிசோதனை இங்கே கைகொடுக்கும், ஆனால் அதை யாராவது நினைத்துக் கேட்க வேண்டும். உறுப்பு மாற்று செய்துகொண்டவர் வயிற்று வலியோடு அவசரப் பிரிவுக்குப் போனால், முதல் வாக்கியத்திலேயே "எனக்கு மாற்று சிறுநீரகம்" என்று சொல்லிவிடுவது நல்லது.

முகத்தில் வரும் அக்கிக்குத் தனி அவசரம். நெற்றியிலும் கண் இமையிலும் கொப்புளம் வந்தால் கருவிழி பாதிக்கலாம். மூக்கின் நுனியில் ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் கண் டாக்டர் பார்க்க வேண்டும்: மூக்கு நுனிக்கும் கண்ணுக்கும் போவது ஒரே நரம்புக் கிளை. விழித்திரையை வைரஸ் தாக்கினால் சில நாட்களிலேயே பார்வை போகலாம். காதுக்குள் கொப்புளமும் அதே பக்கம் வாய் கோணுவதும் சேர்ந்து வந்தால் அதுவும் அக்கிதான். காது கேட்பதையும் அது குறைக்கும்.

இவை எல்லாருக்கும் வருவதில்லை. மாற்று செய்துகொண்டவர்களிலும் பெரும்பாலோருக்கு அக்கி ஒரு பட்டையோடு அடங்கிவிடும். ஆனால் யாருக்கு அடங்கும், யாருக்குப் பரவும் என்று முதல் நாள் கொப்புளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஒரே ஆய்வகம் தந்த இரண்டு மருந்துகள்

அக்கிக்கு மருந்து இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது: அசைக்ளோவிர், அதன் மேம்பட்ட வடிவமான வாலசைக்ளோவிர், இன்னொன்று ஃபாம்சைக்ளோவிர். வைரஸ் புகுந்த செல்லுக்குள் போன பிறகுதான் அசைக்ளோவிர் முழு வீரியம் பெறும். அதைத் தூண்டிவிடும் நொதி வைரஸிடம்தான் இருக்கிறது. தன் பூட்டுக்குத் தானே சாவி கொடுக்கிற கதை.

இந்த மருந்துக்குப் பின்னால் உள்ள கெர்ட்ரூட் எலியனின் பெயர் உறுப்பு மாற்று வரலாற்றிலும் இருக்கிறது. எதிர்ப்பு சக்தியைக் குறைத்து, சிறுநீரக மாற்றை 1960-களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த அசாதையோபிரின் அவரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் உருவாக்கியது. காவலைத் தளர்த்திய மருந்தும், தளர்ந்த இடத்தில் கிளம்பும் வைரஸை அடக்கும் மருந்தும் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தன. 1988-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் இவர்கள் இருவரும் உண்டு.

கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மருந்தைத் தொடங்க வேண்டும் என்பது பொதுவான விதி. மாற்று செய்துகொண்டவருக்கும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் "மூணு நாள் தாண்டிடுச்சு, இனிமே எதுக்கு" என்று விட்டுவிடக் கூடாது. இவர்களுக்கு வாரம் கடந்தும் புதுக் கொப்புளம் கிளம்பும். தாமதமாக வந்தாலும் மருந்து தொடங்குவார்கள். ஒரே இடத்தில் நிற்கும் அக்கி என்றால் மாத்திரை போதும். பரவியிருந்தால், கண்ணில் இருந்தால், உள்ளுறுப்பு பாதித்திருந்தால், ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பு வழியாக அசைக்ளோவிர் ஏற்றுவார்கள். பரவிய அக்கி காற்றிலும் தொற்றும் என்பதால் தனி அறையில் வைப்பார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் நடக்கும் விபத்து

"அதான் மருந்து பேரு தெரியுதே, வாங்கிப் போட்டுக்கலாமே" என்று தோன்றலாம். மாற்று சிறுநீரகத்தோடு இருப்பவர் அங்கேதான் வழுக்கி விழுகிறார்.

அசைக்ளோவிர் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். அளவு கூடினால், உடம்பில் நீர்ச்சத்தும் குறைவாக இருந்தால், மருந்து சிறுநீரக நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துவிடும். மூளையையும் தொடும்: குழப்பம், உளறல், இல்லாதது தெரிவது. வீட்டார் அதைக் காய்ச்சல் மயக்கம் என்றோ, வேறு ஏதோ என்றோ நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது வலி மாத்திரை. அக்கி வலி சாதாரண வலி இல்லை. நள்ளிரவில் எழுப்பி உட்கார வைக்கும். கடையில் கேட்டால் டைக்ளோஃபெனாக் போன்ற ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள். டாக்ரோலிமஸ் ஏற்கெனவே சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அதன் மேல் இந்த வகை வலி மாத்திரையும் சேர்ந்தால் கிரியாட்டினின் ஏறிவிடும். நரம்பு வலிக்கென்று கார்பமாசெபைன் எழுதிக் கொடுக்கப்பட்டால் நடப்பது வேறு. அது கல்லீரலின் நொதிகளை முடுக்கிவிட்டு டாக்ரோலிமஸை வேகமாகக் கரைத்துவிடுகிறது. மாத்திரையை நேரம் தவறாமல் சாப்பிட்டும் ரத்தத்தில் அளவு இறங்கும். உறுப்பு நிராகரிப்புக்கு அது போதும். காபாபென்டின், ப்ரீகாபலின் இந்த விதத்தில் மோதுவதில்லை. ஆனால் அவற்றுக்கும் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் அளவு.

மாற்று சிகிச்சை நடந்தது சென்னையிலோ வேலூரிலோ மதுரையிலோ இருக்கும். நோயாளி வசிப்பது நூறு இருநூறு கிலோமீட்டர் தள்ளி. சனிக்கிழமை காலை முதலில் பார்க்க முடிந்தவர் உள்ளூர் டாக்டர்தான். அதில் தப்பில்லை. மாத்திரை அட்டைகளைப் பையோடு எடுத்துப் போய், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டி, அங்கிருந்தே மாற்று மையத்துக்கு ஒரு போன் போட்டுவிட்டால் பாதி விபத்துகள் நடக்காது. கொப்புளத்தை வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லும் மையங்களும் உண்டு.

அக்கி எழுதுவதும் அம்மை வழக்கமும்

மண்பாண்டம் செய்பவரிடம் போய்ச் செங்காவியைக் குழைத்து உடம்பில் படம் எழுதிக்கொள்வது தலைமுறைகளாக வந்த பழக்கம். குளிர்ச்சி தரும், எரிச்சல் கொஞ்சம் தணியும், நம்பிக்கையும் சேரும். ஆனால் வைரஸ் நரம்புக்குள் இருக்கிறது; தோலின் மேல் பூசிய காவி அங்கே போகாது. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் பாக்டீரியா தொற்று வரும். எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு அது ரத்தத்தில் ஏறும் அபாயமும் உண்டு. பூச்சு மூடியிருப்பதால் புதுக் கொப்புளம் வருகிறதா என்று டாக்டரால் பார்க்கவும் முடியாது. எழுதப் போகும் இரண்டு நாள், மருந்து தொடங்காத இரண்டு நாள். பெரிய நஷ்டம் அதுதான்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. உடம்பு முழுக்கக் கொப்புளம் வந்தால் "அம்மா வந்திருக்கா, மாத்திரை மருந்தெல்லாம் கூடாது" என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. வேப்பிலை வைக்கலாம், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. டாக்ரோலிமஸையும் பிரெட்னிசோலோனையும் தானாக நிறுத்தினால் உறுப்பு போய்விடும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து வரலாம். தொற்று கடுமையாக இருந்தால் டாக்டரே மைக்கோஃபீனோலேட் போன்ற ஒன்றைக் குறைப்பார். எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்பது அவர் கணக்கு. வீட்டுப் பெரியவர்களிடம் இதை அக்கி வருவதற்கு முன்பே பேசி வைப்பது சுலபம்; வந்த பிறகு வாக்குவாதம்தான் மிஞ்சும்.

பேரக் குழந்தைக்குச் சின்னம்மை வந்தால்?

ஒருவரின் அக்கியிலிருந்து இன்னொருவருக்கு அக்கி தொற்றாது. ஆனால் சின்னம்மையே வராத ஒருவருக்கு அந்தக் கொப்புள நீரிலிருந்து சின்னம்மை வரலாம். வெப்பமான நாடுகளில் சின்னம்மை வராமலே பெரியவர்களாகிவிடுபவர்கள் குளிர் நாடுகளைவிட அதிகம். தமிழ்நாட்டில் மாற்று உறுப்பு பெற்ற ஒருவருக்கு 35 வயதிலும் அதற்கான எதிர்ப்பு சக்தி இல்லாமல் இருக்கலாம். அவருக்கு முதன்முறையாக வரும் சின்னம்மை, அக்கியைவிடக் கொடியது.

வீட்டில் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று தெரிந்த உடனே, தனக்குக் கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல், மையத்தைக் கூப்பிட வேண்டும். பத்து நாட்களுக்குள் கொடுக்கக்கூடிய எதிர்ப்புப் புரத ஊசி உண்டு. முந்திக் கொடுத்தால் பலன் அதிகம். அது கிடைக்காத இடத்தில் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை முன்கூட்டியே தருவதும் உண்டு.

தடுப்பூசி எது, எப்போது?

இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. வலுக்குறைத்த உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசி மாற்று செய்துகொண்டவருக்கு ஆகாது. சின்னம்மைத் தடுப்பூசி அந்த வகை. ஸோஸ்டாவாக்ஸ் என்ற பழைய அக்கித் தடுப்பூசியும் அப்படித்தான். அமெரிக்காவில் 2020-ல் அதன் விற்பனை நின்றுவிட்டது.

ஷிங்கிரிக்ஸ் வேறு. அதில் வைரஸே இல்லை. வைரஸின் மேலுறையில் உள்ள ஒரு புரதமும், எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பும் துணைப்பொருளும்தான். அந்தத் துணைப்பொருளின் ஒரு பகுதி சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து வருகிறது. "எதிர்ப்பு சக்தியைத் தட்டி எழுப்பினா கிட்னியையும் தாக்காதா?" என்று நோயாளிகள் கேட்பது நியாயமான கேள்வி. சிறுநீரக மாற்று செய்துகொண்ட 264 பேரிடம் நடத்திய சோதனையில் தடுப்பூசி போட்டவர்களுக்கு நிராகரிப்பு அதிகரிக்கவில்லை. எதிர்ப்புத் திறனும் பெரும்பாலோருக்கு உருவானது. அமெரிக்காவில் 2021 முதல், எதிர்ப்பு சக்தி குறைந்த 19 வயதுக்கு மேற்பட்டோருக்கு இரண்டு டோஸ் பரிந்துரைக்கப்படுகிறது. கை வலி, காய்ச்சல், அசதி ஒன்றிரண்டு நாள் இருக்கும்.

இந்தியாவில் இது 2023-ல் விற்பனைக்கு வந்தது. மலிவு இல்லை, ஒரு டோஸே பத்தாயிரம் ரூபாய் அளவில். மாதாமாதம் மாத்திரைக்கே கணக்குப் பார்க்கும் குடும்பத்துக்கு இரண்டு டோஸ் என்பது யோசிக்க வைக்கும் செலவு. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்து ஊசி ஏற்றும் செலவும், மாதக்கணக்கில் நீடிக்கும் நரம்பு வலியும் மறுபக்கத் தட்டில் இருக்கின்றன.

முடிந்தால் மாற்று சிகிச்சைக்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது. அப்போது உடம்பு தடுப்பூசிக்கு நன்றாகப் பதில் சொல்லும். டயாலிசிஸில் காத்திருக்கும் மாதங்கள் அதற்கான நேரம். சின்னம்மை வந்ததே இல்லை என்றால் கணக்கு வேறு: முதலில் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புத் திறன் உண்டா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால், மாற்று சிகிச்சைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பு வரை சின்னம்மைத் தடுப்பூசி போட வாய்ப்பு இருக்கிறது. "சின்ன வயசுல அம்மை போட்டுதா?" என்று டாக்டர் கேட்கும்போது பலருக்கு நினைவிருக்காது. வீட்டில் அம்மாவோ அத்தையோ இருந்தால் அன்றைக்கே கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.